பழுத்த பிறகு போகலாம்

பானை செய்கிற களிமண்ணில் தக்காளி விதையைப் போட்டவன் தாராவியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குயவர் தெருவில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாளி மண் வாங்கி வந்தேன். மண் என்றால் மண்தானே என்ற நினைப்பு. நான்கு நாள் வெயிலில் அது இறுகிச் செங்கல்லாகிவிட்டது. விதையைத் தோண்டி எடுக்க உளி தேவைப்பட்டது. நான் விவசாயி வீட்டுப் பிள்ளை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

லாக்டவுன் போட்டிருந்த நேரம். நானும் என் கூட்டாளியும் வேலை பார்த்த தோல் பை கார்கானாவை முதலாளி பூட்டிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஒரே ஊர், திருநெல்வேலிக்குத் தெற்கே. அவன் தோல் வெட்டுவான், நான் தைப்பேன். கார்கானாவுக்கு மேலே இருந்த சின்ன அறையில் இருவருக்கும் படுக்கை. அவன் மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. என்னைக் கட்டிக்கொள்ளும் தைரியம் எந்தப் பெண்ணுக்கும் வந்ததில்லை.

வேலை இல்லாத கையில் ஃபோன் இருந்தால் என்ன ஆகும்? நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனவர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மண்வீடு, விறகடுப்பு, கொல்லையில் கீரை. ஒரே வாரத்தில் ஞானம் வந்துவிட்டது. இனி பிளாஸ்டிக்கைத் தொட மாட்டேன் என்று அறிவித்தேன். "குடிக்கிற தண்ணி டிரம்மு எதுல செஞ்சதுல?" என்றான் கூட்டாளி. காய்கறித் தோலை டப்பாவில் ஊறப்போட்டு உரம் செய்தேன். நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டு அம்மாள் ஹிந்தியில் என் பரம்பரையையே விசாரித்தாள்.

களிமண் கூத்துக்குப் பிறகு ரயில் பாதையோரத்து மண்ணை அள்ளி வந்து, அந்த உரத்தைக் கலந்து, பழைய பெயின்ட் வாளிகளில் நிரப்பி, தண்ணீர்த் தொட்டி இருக்கிற மொட்டை மாடியில் வைத்தேன். ஐந்து செடி பிழைத்தது. குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதில் ஒரு வாளி செடிக்கு என்றேன்.

"மனுசன் குளிச்சி மூணு நாளாச்சி. இவன் தக்காளிக்குத் தெனம் குளியல் வேணுமாம்" என்றான் அவன். "லே, ஊருக்குப் போனா கெணத்துல குதிச்சே குளிக்கலாம்லா?"

"நாம ஏம்ல ஊருக்குப் போணும்? ஊரையே இங்க கொண்டாந்துருவோம்."

இந்த வசனத்தைச் சந்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மே மாதக் கடைசியில் செடி பூத்துப் பிஞ்சு விட்டது. அதே வாரம், செம்பூரிலிருந்து பாஸ் வாங்கிய வேன் ஒன்று திருநெல்வேலிக்குக் கிளம்புவதாகத் தகவல் வந்தது. எங்கள் சந்தில் இரண்டு பேரைக் காய்ச்சலோடு கூட்டிப்போயிருந்தார்கள். கூட்டாளி ஓடிப்போய் எங்கள் இருவருக்கும் இடம் சொல்லிவிட்டு வந்தான்.

"செடிக்கு யாருல தண்ணி ஊத்துவா?" என்றேன்.

"இன்னும் பத்து நாள்ல மழ புடிச்சிரும். அது ஊத்தும்."

"மழைக்கு அளவு தெரியுமால? வேரு அழுகிப் போவும். பழுக்கட்டும், அடுத்த வண்டியில போவோம்."

அவன் தனியாகப் போயிருக்கலாம். "ஒன்னய விட்டுட்டுப் போனா செடிகூடப் பேசிப் பேசியே கிறுக்குப் புடிச்சிரும்" என்று சொல்லி இருந்துவிட்டான். மனைவியிடம் ஸ்பீக்கர் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் பேசினாள்.

"அண்ணே, தக்காளி இங்க பொறவாசல்ல சீப்பட்டுக் கெடக்கு. அவுகள அனுப்பி வைங்க."

"பழுத்ததும் கூடை நெறயப் பறிச்சிக்கிட்டு, ஒன் வீட்டுக்காரனையும் நானே கூட்டியாறேம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் பேசினால் யாரும் சிரித்துவிடுவார்கள்.

வேன் போன எட்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். அடுத்து மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் ஏறுகிறபோது திரும்பி, "வாளி அடியில ஓட்ட போடுல, மழத்தண்ணி நிக்கும்" என்றான். கிண்டலா அக்கறையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வண்டி போனதும் ஆணியைத் தேடி எடுத்து ஐந்து வாளியிலும் ஓட்டை போட்டேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. சாயங்காலம் என்னையும் கூட்டிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் தனியே வைத்தார்கள்.

அங்கேதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. எரிப்பதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், நான் வர வேண்டியதில்லையாம். ஊருக்குச் சொல்லுகிற வேலை மட்டும் எனக்கு.

"எம்மா, அவன் போயிட்டாம்மா."

"எப்பப் பாத்தாலும் வெளையாட்டுதான் ஒங்களுக்கு. ஃபோன அவுககிட்ட குடுங்கண்ணே."

இன்னொரு முறை சொன்னேன். எப்படிச் சொன்னாலும் என் குரலுக்கு அந்தச் செய்தி பொருந்தவில்லை. மூன்றாவது முறையும் சொன்னேன். அந்தப் பக்கம் மகள், "யாரும்மா, அப்பாவா?" என்று கேட்பது கேட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னை விட்ட அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்தபடியே மாடிக்குப் போனேன். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஐந்து செடியும் நான் வளர்த்ததைவிட நன்றாக வளர்ந்து நின்றன. ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இலைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாய்ப் பழங்கள். நான் பறிக்கவில்லை. காக்கைகள் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டன.

ரயில் ஓடத் தொடங்கியதும் அவன் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். நான்கு சட்டை, தோல் வெட்டுகிற கத்தி, மிச்சத் தோலில் மகளுக்கென்று அவன் வெட்டி நான் தைத்த சின்னப் பை. வழி நெடுக, அவன் மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காலில் விழுந்துவிடுவது என்றும் ஒரு யோசனை இருந்தது.

அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தாம்மா, வந்திருக்கேன்" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தக்காளி பழுத்துட்டுதாண்ணே?"