ரிஃபத் ரெயிஸும் கடற்பன்றிகளின் பூர்வீகமும்

உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பல்லைப் பார்ப்பதுதான் படகுத் தலைவர் ரிஃபத் ரெயிஸுக்கு முதல் வேலை. கரையில் செத்து ஒதுங்கியது எதுவானாலும் மணலில் மண்டியிட்டு, பிஸ்மில்லா சொல்லி, உதட்டைத் தூக்குவார். பல் ஊசியாக இருந்தால், "டால்பின். இவன் வேற வீடு" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார். பல் தட்டையாக, பொம்மை மண்வெட்டிபோல இருந்தால், தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நம்மாளுதான்" என்பார்.

நம்மாளு என்றால் முதுர். கருங்கடலில் திரிகிற கடற்பன்றிக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். டால்பினைவிடக் குட்டை, மூக்கு நீளாது, துள்ளி வித்தை காட்டத் தெரியாது. கல்கான் மீனுக்குப் போடும் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகும். வசந்தகாலம் வந்தால் துருக்கியின் பெர்ஷெம்பே கரையில் நிறைய ஒதுங்கும்.

பல் பார்க்கும் பழக்கம் கரையோடு நின்றிருந்தால் அவர் மனைவி சித்திகா பொறுத்துக்கொண்டிருப்பாள். குர்பானி ஆட்டின் பல்லைப் பார்ப்பது முறைதான். ஆனால் வீட்டுக்குச் சாப்பிட வந்த புது இமாம் சிரித்தபோதும் இந்த மனுஷன் குனிந்து எட்டிப் பார்த்தார். "மேல் வரிசை நல்ல வரிசை" என்று வேறு சொன்னார். அன்றைக்கு சித்திகா சமையலறையில் போய்த் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்தில் கேட்டது.

எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து நெஸ்ரின் என்ற பெண் வந்ததில் ஆரம்பித்தது. அவள் ரிஃபத்திடம் ஒரு சின்னக் கத்தியும் ஸ்பிரிட்டும் கண்ணாடி பாட்டில்களும் கொடுத்து, ஒவ்வொரு முதுரிலும் நகத்தளவு தோலும் ஒரு பல்லும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தோலில் அதன் வம்சமே எழுதியிருக்கிறதாம். கொடுத்த வேலையோடு நிறுத்தியிருக்கலாம். வம்சக் கதையையும் சொல்லிவிட்டுப் போனாளே, அதுதான் தப்பு.

அன்றுமுதல் ரிஃபத்துக்கு உலகத்தில் சொந்தபந்தம் தவிர வேறு பேச்சு இல்லை. டால்பினும் முதுரும் ஒன்றுதானே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், டீக்கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "டால்பின் இவனுக்கு தூரத்துப் பங்காளிப்பா. கிட்டத்து முறை யாரு தெரியுமா? வடக்கே பனிக்கடல்ல நெத்தியில ஈட்டி வச்சுகிட்டு நீந்துறானே, அவன். அப்புறம் அந்த வெள்ளைத் திமிங்கிலம். மூணு பேரும் ஒரே அடுப்புச் சோறு தின்ன வீடு." டீக்கடையில் இருப்பவர்கள் இதற்கென்றே காத்திருப்பார்கள். "ரெயிஸ், உங்க சித்தப்பா மகன் துறைமுகத்துல ஒதுங்கிக் கிடக்காராம், ஜனாஸாவுக்குப் போகலையா?" என்பார்கள். அவர் கோபிக்கவே மாட்டார். எழுந்து போய்விடுவார், துறைமுகத்துக்கு.

வீட்டில் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதுதான் சித்திகாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

"சித்திகா, உன் மாடும் முதுரும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. ஆதியில குளம்பு வச்சு தரையில நடந்ததுதான் கடலுக்குள்ள இறங்கிப் போச்சு."

"என் மாடு சேத்துல கால் வைக்கவே பயப்படுது. அது கடலுக்குப் போச்சாக்கும்."

"இது போகல. இதோட சொந்தம் போச்சு."

"படைச்சவனுக்கு எப்படிப் படைக்கணும்னு தெரியும்ய்யா. உன்னைக் கேட்டா படைச்சான்? வைக்கோலை எடுத்துப் போடு."

வைக்கோலை எடுத்துப் போடுவார். போட்டுக்கொண்டே, கடலுக்குள் போன பிறகு பின்னங்கால் என்ன ஆனது என்று ஆரம்பிப்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த மனுஷன்.

ஒன்றை மட்டும் டீக்கடையில் சொல்ல மாட்டார். அவருடைய அப்பா படகின் முனையில் நின்று துப்பாக்கியால் முதுர் சுட்டவர். அந்தக் காலத்தில் எண்ணெய்க்காக எல்லோரும் சுட்டார்கள், யாரும் தப்பென்று நினைக்கவில்லை. கூட்டம் திடீரென்று சுருங்கிப்போன தடயம் மிஞ்சியவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நெஸ்ரின் சொன்ன அன்று, ரிஃபத் சாப்பிடாமல் படுத்துவிட்டார். சித்திகா அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பாட்டில்களைக் குளிர்பெட்டியில் வைத்தபோது கேட்டாள். நெத்திலி டப்பாவுக்கும் வெண்ணெய்க்கும் நடுவே முதுர்த் தோல் இருந்தால் எந்தப் பெண்தான் கேட்க மாட்டாள்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கடக்க வேண்டியிருந்தது. மகள் எல்மாஸைப் பெண் கேட்டுப் பக்கத்து ஊர் ஃபாட்சாவிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை ஹாருன் நல்ல பையன், எல்மாஸுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்வது அவனுடைய தாத்தா ஹாஜி ஷாகிர். ஏற்கெனவே ஒரு இடத்தில், பெண்ணின் அப்பா சபையில் அதிகம் பேசுகிறார் என்று எழுந்து வந்தவர் அவர். அது தெரிந்த நாளிலிருந்து சித்திகாவுக்குத் தொழுகையில்கூட மனம் நிற்கவில்லை.

"இன்னிக்குக் கரைக்குப் போகக் கூடாது. காபி குடிச்சு முடியிறவரை முதுர்ங்கிற சொல்லே வாயில வரக் கூடாது. குர்ஆன் மேல கை வைக்கச் சொல்லல. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு போதும்."

"சரி" என்றார் ரிஃபத், அவள் முகத்தைப் பார்த்தே.

அதிகாலை சுபுஹு தொழுகைக்குப் போனவர் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். ரொட்டி சூடாக இருந்தது. அவர் சட்டை நாறியது.

"வழியிலதான் கிடந்துச்சு" என்றார்.

"பேக்கரி மலைப்பக்கம் இருக்கு. கடல் இந்தப் பக்கம் இருக்கு."

"சுத்தி வந்தேன். தாய் முதுர், சித்திகா. அலை இழுத்துட்டுப் போயிருக்கும். விட்டுட்டு வர மனசு வரல."

அவள் சட்டையைக் கழற்றவைத்து, வெந்நீர் ஊற்றி, சோப்பு கரையும்வரை தேய்த்தாள். அவர் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசம் அடித்தது. வீட்டிலிருந்த எலுமிச்சை கொலோன் வாசனைத் தண்ணீரை அவரே கொஞ்சம் தடவிக்கொண்டிருக்கிறார், அந்த மட்டும் புத்தி இருக்கிறதே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

மதியம் வந்தார்கள். ஹாஜி ஷாகிர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். அவருடைய மகள் மெலாஹத், ஹாருனின் அத்தை, உட்காருமுன் திண்டைக் கையால் தடவிப் பார்த்தாள். எல்மாஸ் கொலோன் பாட்டிலோடு வந்தாள். இந்தக் கரையில் விருந்தாளியின் உள்ளங்கையில் கொலோன் ஊற்றாமல் பேச்சு தொடங்காது. ஹாஜி இரண்டு கையையும் குவித்து நீட்டினார். எல்மாஸ் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. குலுக்கினாள். இன்னொன்று விழ யோசித்து, பாட்டிலின் வாயிலேயே தொங்கியது.

குவித்த கை அப்படியே நின்றது.

சித்திகா கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் திரையைப் பார்த்தார். அவளும் அங்கே பார்த்தாள். திரைக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் ரோஜா ஜாம் பாட்டில் ஒன்று. அதற்குள் மஞ்சள் கொலோன். அதற்குள் கறுப்பாக ஒரு துண்டு. ஸ்பிரிட் தீர்ந்துபோயிருக்கிறது, கொலோனும் ஒரு வகை ஸ்பிரிட்தானே. காலையில் அவர் மேல் வந்த எலுமிச்சை வாசத்தின் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இதோ, பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்திடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். போகும்போது கணவர் காதருகே குனிந்து, "வாய்க்குப் பூட்டு" என்றாள்.

"விருந்தாளிக்குன்னு கொஞ்சம் விட்டுத்தான் வச்சேன்" என்று அவரும் மெதுவாகச் சொன்னார். "அதனாலதான் தோலே சரியா முங்கல."

பக்கத்து வீட்டுக்காரி கொலோன் தேடி எடுப்பதற்குள் சித்திகா ஆயத்துல் குர்சியை எத்தனை தடவை ஓதினாளோ. வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. பெண் கேட்டு வரும் மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கிற வழக்கப்படி, ஹாருனுக்கு எல்மாஸ் காபியில் உப்பு அள்ளிப் போட்டிருக்கிறாள். பையன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இருமினான். ரிஃபத்தால் அடக்க முடியவில்லை.

"நம்ம கடல் இவ்வளவு உப்பு இல்லப்பா. நீ குடிச்சது வாசலுக்கு அந்தப் பக்கத்துக் கடல்."

"எந்த வாசல்?" என்றார் ஹாஜி.

சித்திகா கதவருகே நின்றுவிட்டாள். அவ்வளவுதான், போச்சு.

"இஸ்தான்புல் ஜலசந்திதான் ஹாஜி, நம்ம கடலுக்கு வாசல். அது வழியாத்தானே முதுர் உள்ள வந்துச்சு."

மெலாஹத் மூக்கை உறிஞ்சி, "அந்த ஜன்னல்ல இருக்கிறது என்ன?" என்றாள். பெண் கேட்க வந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. ரிஃபத்தோ அதற்காகவே பிறந்தவர்போல எழுந்துபோய் ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து, பலகாரத் தட்டுகளுக்கு நடுவே வைத்தார். மெலாஹத் தன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது ஒரு தாயோட தோல். இதுங்க பூர்வீகம் இந்தக் கடல் இல்ல. மேற்கே பெருங்கடல். ஒரு காலத்துல அங்கேருந்து இங்கவரை ஒரே குளிர்த் தண்ணி. இரை தேடி வந்துச்சுங்க. பின்னால மத்தியதரைக்கடல் சூடாகிப்போச்சு. நடுவுல இருந்ததுங்க இல்லாம போச்சு. இங்க வந்ததுங்க இங்கயே நின்னுபோச்சு. வாசல் திறந்துதான் இருக்கு ஹாஜி, தாண்டினா வெந்நீர். எங்க போகும்?"

"ரிஃபத்" என்றாள் சித்திகா கதவிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹாஜி ஷாகிர் ஊன்றுகோலைத் தூக்கி அவளை நிறுத்தினார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். எல்மாஸ் காபித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் கிழவர் எழவில்லை.

"அந்தப் பக்கம் நின்னுபோனதுங்க?"

"இருக்குங்க. பெரிய உடம்பு. நம்மது சிறுத்துப்போச்சு. பார்த்தா அடையாளம் தெரியாது. ஆனா நகத்தளவு தோல் போதுமாம், அண்ணன் தம்பின்னு கண்டுபிடிச்சிடுறாங்க."

"எத்தனை வருஷம் ஆனாலுமா?"

"ஏழாயிரம்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. எட்டாயிரமோ. நான் ஒண்ணு சொல்லுவேன், அது ஃபோன்ல திருத்தும்."

ஹாஜி பாட்டிலைத் தன் பக்கம் திருப்பினார். "எங்க பாட்டனார் கிழக்குக் கரையில பாட்டூம்லேருந்து படகுல வந்தவர். ரஷ்யாக்காரனோட சண்டை சமயம், சின்னப் பையன். அவரோட அண்ணன் வீட்டைப் பூட்டிட்டு அடுத்த படகுல வரேன்னாராம். அப்புறம் எல்லையை மூடிட்டாங்க." பாட்டிலை விரலால் தட்டிவிட்டு, "எங்களுக்கு நூத்து நாப்பதுதான் ஆகுது" என்றார்.

மெலாஹத், "அப்பா, இதையெல்லாம் இங்க எதுக்கு" என்றாள்.

"நீ பலகாரத்தைத் தின்னு."

பிறகு அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அல்லாஹ்வின் கட்டளைப்படியும் நபியின் சொற்படியும் உங்கள் மகளை எங்கள் பேரனுக்குக் கேட்கிறோம் என்று, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

இத்தனை நேரம் ஓயாத ரிஃபத் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். மகளைப் பார்த்தார். எல்மாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா சொன்னா சரி" என்றாள். அவர் சித்திகாவைப் பார்த்தார். காலையில் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்ற அதே முகம்.

"எதுக்கு என்னைப் பார்க்கிற? சொல்ல வேண்டியதை மட்டும் உனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள் அவள். "சரின்னு சொல்லு."

"சரி" என்றார்.

ஹாருன் எழுந்து வந்து மாமனாரின் கையை முத்தமிடக் குனிந்தான். ரிஃபத்தின் கட்டைவிரல் பையனின் உதட்டுப் பக்கம் போனது. சித்திகா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது விரல் பையனின் மீசையிலிருந்த காபி நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"கொலோன் வந்துச்சா இல்லையாம்மா?" என்று ஹாஜி மறுபடி கையைக் குவித்தார்.

அப்போதுதான் அவளுக்குத் தன் கையிலிருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. ஹாஜிக்கு ஊற்றினாள். மெலாஹத்துக்கு, ஹாருனுக்கு, மகளுக்கு. கணவர் கையை நீட்டியபோது முறைத்துக்கொண்டே அவருக்கும் ஊற்றினாள். பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேஜையில் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே அந்தக் கறுப்புத் துண்டின் ஒரு ஓரம் கொலோனுக்கு மேலே நீட்டிக்கொண்டு உலர்ந்திருந்தது. சித்திகா சூள் கொட்டினாள். பிஸ்மில்லா சொல்லி ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, தோல் முழுதாக முங்கும்வரை ஊற்றினாள்.