வாரைத் தாங்கிய கை

பேத்தி பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறாள். திருப்பதியில் காலேஜ் படிக்கிற பெண், படிப்பு முடிவதற்குள் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டாள். சாதாரணக் கிட்டாரில் ஆறு கம்பி, இதில் நாலுதான். நாலு கம்பிதானே, லேசாக இருக்கும் என்று வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தேன். தோள் இறங்கிவிட்டது. பாரம்கூடப் பரவாயில்லை, அதன் கழுத்து ரொம்ப நீளம். கையை எடுத்தால் கழுத்துப் பக்கம் மெல்லத் தரையைப் பார்த்துச் சாய்கிறது. வாசிக்க வேண்டிய இடது கை, அதைத் தூக்கிப் பிடிப்பதிலேயே ஓய்ந்துபோகிறது.

"ஒரு மணி நேரம் நின்னா தோள் கழண்டுடுது தாத்தா. அகலமான ஸ்ட்ராப் போட்டா சாயாதாம்" என்று அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கிட்டார் வாரில் புதுத் தோல் வாசனை அடித்தது. அந்த வாசனை என்னை என்ன செய்ததோ, எழுந்துபோய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வாருக்கடியில் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினேன்.

"இப்ப எப்படிக் கீது?"

"பாரமே தெரியல தாத்தா. இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

சொல்லிக் கொடுத்து வருவதா இது? ரத்தினம் செய்தது, என் முதுகு கற்றுக்கொண்டது. ரத்தினம் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நான் பேஸ் டிரம் சுமந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது நகரியில் ஒரு பேண்டு செட்டில் இருந்தேன். கிளாரினெட் கற்றுக்கொள்ளத்தான் போனேன். என் மூச்சு பாட்டின் பாதியிலேயே நின்றுவிடும். பேண்டு மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரிய டிரம்மைத் தூக்கி என் கழுத்தில் மாட்டினார். நான் அன்றைக்கு முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். டிரம் தானாக நடந்து வருகிறது என்று தெருப் பிள்ளைகள் கூவுவார்கள். டிரம் முன்பக்கம் இழுக்கும், நான் பின்பக்கம் சாய்வேன். கல்யாண ஊர்வலம் ஆற்று மணலைக் கடக்கும்போது கால் புதையும், வார் கழுத்தை அறுக்கும், பெண் வீட்டார் வேறு "இன்னாப்பா, அடி கேக்கலியே" என்பார்கள்.

ரத்தினம் என்கிற முனிரத்தினம் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பையன், என் வயதுதான். கைக்கு ஒன்றாக இரண்டு கிலுகிலுப்பைகளை ஆட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வருவான். முதல் முறை ஆற்று மணலில் நான் தள்ளாடியபோது, ஒரு கிலுகிலுப்பையை இடுப்பில் செருகிவிட்டு, என் முதுகில் வார் குறுக்காகப் போகிற இடத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினான். பாரம் பாதியானது. திரும்பிப் பார்த்தேன்.

"நீ முன்னாடி பாத்து நட. பின்னாடிதான் நான் கீறேனே" என்றான்.

மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு சத்தம் குறைவதைக் கண்டுபிடித்துவிடுவார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் திட்டுவார். "ஒரேய் ரத்னம், இன்னொரு கை ஏமாயிந்திரா, எங்கடா போச்சு? துன்னும்போது மட்டும் ரெண்டு கையும் வருதே."

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்ட காலம் அது. எங்கள் பக்கத்து ஊர்கள் மெட்ராஸ் மாநிலத்தோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்பது மட்டும் முடிவாகவில்லை. காலையில் சேரணும் என்று ஓர் ஊர்வலம் போகும், சாயங்காலம் கூடாது என்று இன்னொன்று. இரண்டுக்கும் எங்கள் செட்டுதான். டிரம்மின் ஒரு தோலில் செட்டின் பெயர் தமிழில் இருக்கும், மறு தோலில் தெலுங்கில். நாங்கள் சாலையின் இடது ஓரமாக நடப்போம், ஊர்வலம் எங்களுக்கு வலது பக்கமாக வரும். ஆகவே காலையில் தமிழ் முகம் வலப்பக்கம், சாயங்காலம் தெலுங்கு முகம் வலப்பக்கம். பாட்டு மட்டும் இரண்டு வேளையும் ஒன்றேதான். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

திருப்பி மாட்டுவதில் ஒரு கஷ்டம் இருந்தது. டிரம் ஒருமுறை மாட்டு வண்டியிலிருந்து உருண்டதில் வார் மாட்டுகிற ஒரு வளையம் பிய்ந்து, கொல்லர் புது வளையத்தைக் கொஞ்சம் தள்ளி அடித்துவிட்டார். அதற்கேற்ப வாரையும் ஒரு பக்கம் குட்டையாகத் தைத்தாயிற்று. தமிழ் முகம் வலப்பக்கம் இருந்தால் டிரம் நேராக நிற்கும். தெலுங்கு முகம் வந்தால் கோணிக்கொண்டு என் தொடையில் இடித்துக்கொண்டே வரும். எனக்குத் தெலுங்கின் மேல் ஒரு வருத்தமும் இல்லை, வீட்டுக்கு வெளியே பாதிப் பேச்சு அதில்தான். கொல்லர் மேல்தான் வருத்தம். அந்தச் சாயங்காலங்களில் ஊர்வலம் தொடங்கி முடியும்வரை ரத்தினத்தின் கை என் முதுகில் இருக்கும். எல்லைக் கோடு எங்கே விழவேண்டும் என்று ஊரே சண்டை போட்டது. எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான், எங்கே விழுந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பக்கம் போட்டுவிட்டு விழட்டும்.

அப்படி விழவில்லை. நகரி ஆந்திராவில் நின்றது, திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸுக்குப் போயின. சேதி வந்த அன்று ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். ரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"திருத்தணி ஆபீஸ்ல பியூன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். நைனா போய்ச் சொல்லி வெச்சுட்டு வந்துட்டாரு" என்றான்.

"நல்ல வேலைதானே."

"இன்னா நல்ல வேலை. பெல் அடிச்சா ஓடணும்." பிசைந்த சோற்றை இலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "உனக்குத்தான் கஷ்டம்" என்றான்.

போகாதேடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிலுகிலுப்பை ஆட்டச் சொல்ல நான் யார்? ரசம் ஊற்றுகிறவர் வந்தார், இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டோம்.

அவன் ஊர்ப் பக்கத்தில் வெற்றி ஊர்வலம் வைத்தார்கள். அதற்கும் எங்கள் செட்டுதான். தமிழ் முகம் வலப்பக்கம், டிரம் நேராக நின்றது. சாலை சமதரை. தாங்கிப் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் முதல் அடி விழுந்ததுமே அவன் கை வந்து வாருக்கடியில் நுழைந்தது. ஊர் முழுக்கச் சிரிப்பும் வெடியுமாக இருக்கிறது, நான் மட்டும் கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு நடக்கிறேன். மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னொரு கை எங்கே என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

திருத்தணி ஒன்றும் தூர தேசம் இல்லை. அந்தக் கோட்டில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை, பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் பிழைப்பு அந்தப் பக்கம் இழுத்தது, என் பிழைப்பு இந்தப் பக்கம். வேலூருக்கு மாற்றல் என்றார்கள், பிறகு மெட்ராஸ் என்றார்கள், பிறகு சொல்ல ஆளில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும்போதெல்லாம் கூட்டத்தில் தேடுவேன். சாமி கும்பிடத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன்.

இப்போது மாஸ்டர் இல்லை, அந்தச் செட்டும் இல்லை. நகரியில் வேறு செட்டுகள் இருக்கின்றன, பெரிய டிரம்மைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், யார் கழுத்தும் அறுபடுவதில்லை. பேத்தியும் அகலமான ஸ்ட்ராப் வாங்கிவிட்டாள். கிட்டார் சாய்வதில்லையாம். என் கை இனி வேண்டாம்.

நான்தான் இன்னும் நிமிர்ந்து நடக்கப் பழகவில்லை. ஏன் இப்படிப் பின்னால் சாய்ந்து நடக்கிறீர்கள், விழுந்துவிடுவீர்கள் என்று திருப்பதி டாக்டர் கோபித்துக்கொண்டார். பழைய பழக்கம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரத்தினம் பின்னால் இல்லை என்பதை இந்த முதுகுக்கு யார் எடுத்துச் சொல்வது?