ரேடியோவுக்கு அப்பா கொடுத்த அறை

என் தம்பி மனைவிக்கு அப்பா வைத்த பெயர் ரேடியோ. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அடுப்படியில் நின்றபடியே செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பாள். அப்பா ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ரேடியோவை யாரும் நிறுத்திடாதீங்கப்பா" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு அந்தக் குரலே அவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது. புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவாள். கண் தெரியாதவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லாரும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குரல் இருந்தால் போதுமா, படிக்க இடம் வேண்டாமா? தம்பியும் அவளும் படுக்கும் அறை தெருவைப் பார்த்தது. பஸ் போனால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். அவள் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள். புடவைகள் எதிரொலியை விழுங்குமாம். போர்வையைப் போர்த்திக்கொண்டும் படித்தாள், வியர்த்து விறுவிறுத்து வெளியே வருவாள். அப்படியும் பதிவுகள் திரும்பி வந்தன. இந்தப் பக்கத்தில் குக்கர் விசில், அந்தப் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள் என்று குறிப்பு வரும். அந்த யாரோ எங்கள் அப்பாதான். இன்னொரு முறை திரும்பி வந்தால் அடுத்த புத்தகம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று அப்பாதான் பேச்சை எடுத்தார். "என் ரூமை எடுத்துக்கம்மா. பின்பக்கம் பார்த்த ரூம், ஈ காக்கா சத்தம் கூட வராது."

"நீங்க எங்க மாமா படுப்பீங்க?"

"ஆயுசு பூரா பஸ்ல நின்னுக்கிட்டே இருந்தவன்மா நான். ஹால்ல ஒரு கட்டில் போட்டா அதுவே எனக்கு அரண்மனை."

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். எழுபதைத் தாண்டியவர். அம்மா போன பிறகு அந்த அறை ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. வேறு ஊரில் இருக்கும் எனக்கு விஷயம் தெரிந்ததும் வயிறு எரிந்தது. தம்பிக்கு போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "பெத்தவரை ஹாலுக்குத் துரத்திட்டு பொண்டாட்டிக்கு ஆபீஸ் கட்டறியா?" அவன் "அக்கா, அவரே தான் சொன்னார்" என்று ஆரம்பித்தான். நான் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு மேல்தான் இருக்கும், ஊருக்கே தெரியும்.

சண்டை போடுவதற்கென்றே ஒரு நாள் கிளம்பிப் போனேன். அறையைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், சண்டை போட வாய் வரவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற தம்பி, லீவு போட்டுத் தன் கையாலேயே ஒரு சுவருக்கு நீலம் அடித்திருந்தான். காதோரம் இன்னும் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் மேடு பள்ளமாக ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். கதவின் விளிம்பு முழுக்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய ரப்பர் பட்டை. மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வந்த மேஜை, அதன் மேல் மஞ்சளாய் எரிகிற ஒரு விளக்கு, ஒரு சின்னத் தொட்டிச் செடி. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கே எதையாவது எடுத்து வாசிக்க வேண்டும் போல ஆசையாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டவள் இல்லை.

"இங்க உக்காந்தா நான் வேற ஆளா ஆயிடறேன்க்கா" என்றாள் ரேடியோ. அவள் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு வைத்தார்கள். அது எரிந்தால் அவள் பதிவு செய்கிறாள் என்று அர்த்தம். அதைக் காவல் காக்கிற உத்தியோகத்தை அப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். பல்பு எரிந்தால் மின்விசிறியை நிறுத்துவார், டிவி சத்தத்தை அடைப்பார். செய்தி வாசிக்கிறவர் ஊமையாய் வாயசைக்க, இவர் மனதுக்குள் தானே செய்தி ஜோடிப்பார். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்முவார். கூரியர்காரன் மணியடிப்பதற்கு முன்னால் படியிலேயே போய் மறித்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பஸ் அதிரக் கத்திய மனிதர் கிசுகிசுப்பிலேயே குடித்தனம் நடத்தினார். நான் போனில் கேட்டால், "எனக்கு இங்க டியூட்டி இருக்கும்மா" என்று பெருமை வேறு. பதிவுகள் திரும்பி வருவது நின்றது. பெரிய நாவல் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வீடே கொண்டாடியது.

அந்த நாவலின் கடைசிப் பகுதியை அவள் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். தம்பி கடையில் இருந்தான். அப்பா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர், வாசற்படியருகில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்தது அவருக்கே கேட்டதாம். எழுந்திருக்க முடியவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவர் கூப்பிடவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ரேடியோ ஒரு அத்தியாயத்தை முழுதாகப் படித்து முடித்திருந்தாள், அது மட்டும் தெரியும். கால் துடைக்கிற மிதியடியை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கிடந்தார். அவள் வெளியே வந்து பார்த்தபோது, வெக்கைக்குத் தரையில் படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"என்ன மாமா, இங்க வந்து படுத்துட்டீங்க?"

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமாம் என்று சொன்ன பிறகுதான், "கொஞ்சம் தம்பியைக் கூப்பிடு, இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன்" என்றாராம்.

ஆஸ்பத்திரிக்கு நான் அரக்கப் பரக்க ஓடினேன். வராந்தாவில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "உன் ஆபீஸைக் கொண்டுபோய்க் கொளுத்து! ஒரு மனுஷன் விழுந்து கிடக்கிறது கூடக் கேக்காத அளவுக்கு உனக்கு என்னடி ரூம்?" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். பேசிப் பேசியே சம்பாதிக்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பிறகு அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா கூப்பிடல? ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு நாளா அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துதும்மா. அன்னிக்குத்தான் குரல் திறந்துச்சு. நடுவுல கெடுக்கச் சொல்றியா?" என்றார், நான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

இடுப்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மன்றாடினேன். அசையவில்லை. அதனால் நானே துணையாகப் போய்த் தங்கினேன். ரேடியோ அவர் கட்டிலை அந்த அறைக்கே திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்தாள். மேஜையும் மைக்கும் ஹாலுக்கு வந்துவிட்டன. ஸ்பாஞ்சைப் பிய்த்தால் சுவரும் கூடவே பெயர்ந்தது, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் அந்த அறைக்குள் இருந்து கூப்பிட்டால் வெளியே கேட்காதே என்று பயந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவையே கழற்றிவிட்டாள். சிவப்பு பல்பையும் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவள் மேல் எனக்கிருந்த கோபம் அதைப் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியது.

நாவலின் முடிவு மட்டும் பாக்கி இருந்தது. நிறுவனத்தில் அதற்கு மேல் பொறுக்க மாட்டோம் என்றார்கள். ஒரு காலை, ஹாலில் துணி காயப்போடும் ஸ்டாண்டில் கனமான ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் மைக்கை வைத்துக்கொண்டாள்.

தொடங்குவதற்கு முன் அப்பாவிடம் வந்து நின்றாள். "மாமா, என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க. உடனே நிறுத்திடுவேன். சரியா?"

"சரிம்மா, சரிம்மா. நீ போய்ப் படி."

அவள் படிக்க ஆரம்பித்தாள். நான் அப்பாவின் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். என்ன குரல் அது! நான்கூட என்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் மணிக்கட்டை அப்பா பிடித்தார். பிடி இறுகியது. திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், கண்ணோரத்தில் நீர் வழிகிறது. காலைத் திருப்பிப் போட வேண்டும், அந்த வலி. நான் எழப் போனேன். என் கையை விடாமல், இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தார். கட்டில் கிரீச்சிட்டால் பதிவாகிவிடுமாம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ரேடியோ! நிறுத்துடி!" என்று கத்தினேன்.

அப்பா என்னை முறைத்தார். சின்ன வயதில் கூட அவர் என்னை அப்படி முறைத்ததில்லை. "என்ன பழக்கம் இது? எவ்வளவு நல்லா போயிட்டிருந்துது" என்றார், அப்போதும் கிசுகிசுப்பாகத்தான்.

ரேடியோ ஓடி வந்தாள். நாங்கள் இரண்டு பேருமாக அவர் காலைத் திருப்பி, தலையணை வைத்துச் சரியாகக் கிடத்தினோம். முகத்தைத் துடைத்தாள். என் மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"வலிச்சா கத்தணும் மாமா" என்றாள். "எனக்காக ஒரு தடவை கத்துங்க. எனக்குக் கேக்கணும்."

அப்பா உண்மையாகவே முயன்றார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான். வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார்.

"பழக்கம் விட்டுப் போச்சும்மா."

அவள் கட்டிலருகில் அப்படியே தரையில் சரிந்து, வாய்விட்டு அழுதாள். மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும், தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா பதறிப்போய் அவள் தலையைத் தடவி, ஹால் பக்கம் கையைக் காட்டினார்.

"மெதுவாம்மா, மெதுவா. மைக் ஓடிட்டிருக்கு."

அவள் அதை அணைக்க எழவில்லை.