ஓரகத்தி தச்ச கோட்டு

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு என் உடம்பளவு தெரியும், என் புத்தியளவு தெரியாது!"

தையக்காரி புருஷன் மூஞ்சிக்கு நேரா இப்படிக் கத்தினா. அவன் கேட்டது இவ்வளவுதான்: "குடும்பத்துக்குள்ள என்னடி பூட்டும் சாவியும்? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க." நான் மூலையில உக்காந்து பட்டன் தச்சுக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேந்ததுலேருந்து அவ கடையில எனக்கு அதான் வேலை. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா எழுந்து போகணும்பாங்க. நான் எதுக்குப் போறேன்? ஊசியைக் கீழ வெச்சுட்டு நல்லாவே கேட்டேன்.

அவ எப்பேர்ப்பட்டவன்னு சொல்லிடறேன். வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டே ஊர் வம்பு பேசுவா, ஒரு ஊசி கீழ விழாது. நூலைப் பல்லாலதான் கடிப்பா, கத்தரிக்கோல் துணிக்கு மட்டும்பா. கடை ஒரே ரூம்பு, ரெண்டு மிஷின், ஜன்னலோரம் ஆளுயரக் கண்ணாடி. போன்ல கடை பேர்ல ஒரு பக்கம் வெச்சிருக்கா. தச்ச உடுப்பைப் படம் பிடிச்சு அதுல போடுவா. பாத்தவங்க 'எனக்கும் தையுங்க'ன்னு அதுலயே கேப்பாங்க. அவ வீட்டு அடுப்பு எரியறதே அதாலதான்.

ரெண்டாவது மிஷின்ல முன்ன உக்காந்திருந்தது அவ ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. தன் முதுகைத் தானே அளக்க முடியாதில்ல, அதனால தையக்காரிக்கு அளவெடுத்ததும் அவதான். இந்தப் பைத்தியக்காரி அந்த அளவையே போன் பக்கத்துக்குப் பாஸ்வேர்டா வெச்சா. மார்பு, இடுப்பு, பின்பக்கம், கை நீளம், வரிசையா. "மறந்தா என்ன? டேப்பைப் போட்டு அளந்துக்குவேன்"னு பீத்திக்கிட்டது வேற, அதுவும் அவகிட்டயே.

அப்புறம் ஓரகத்தி முறைச்சுக்கிட்டுப் போய்த் தெருக்கோடியில தனிக்கடை போட்டா. அதுலேருந்து இங்க ஆர்டர் தேய ஆரம்பிச்சுது. ஏதோ கெட்ட நேரம்னு இருந்தோம். ஒரு நாள் பழைய வாடிக்கை நர்ஸம்மா வந்து, "கை வலி தேவலையா? தெருக்கோடிக் கடைக்குப் போகச் சொன்னியே"ன்னா.

"நானா? எப்போ?"

நர்ஸம்மா போனை நீட்டினா. இவ பக்கத்துலேருந்து, இவ பேர்ல போன சேதி. இவ போன்ல பாத்தா அது இல்ல. சொல்லிட்டு அழிச்சிருக்கா சண்டாளி. சாவி தெரிஞ்சவ ஒருத்திதானே?

அன்னிக்குத்தான் அந்தச் சண்டை. புருஷன் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனான். நான் சொன்னேன், "மொதல்ல சாவியை மாத்துடி."

"மாத்தறேன் பெரியம்மா. நரியை வெளிய விரட்டிட்டுக் கூண்டைச் சாத்தினா எனக்கென்ன லாபம்? உள்ள இருக்கும்போதே சாத்தணும்."

எனக்கு அந்தப் பேச்சு சக்கரையா இனிச்சுது. பொறுத்துப் போ, மன்னிச்சு விடுன்னு சொல்ல வேற ஆளைப் பாருங்க.

நர்ஸம்மாவை விட்டு அந்தப் பக்கத்துக்கே ஒரு சேதி போடச் சொன்னா. 'எங்க மேடத்துக்கு நல்ல கம்பளித் துணியில, லைனிங் வெச்ச நீளக் கோட்டு வேணும். பிடிச்சிருந்தா வார்டுல அத்தனை பேருக்கும் தைக்கணும்.' கூடவே அளவு. எல்லாம் தையக்காரியோட அளவு, கை நீளத்துலேருந்து தலைகீழா. ஓரகத்தி தினம் சாவியாப் போட்ட நம்பர்தான். ஆனா ஆசை கண்ணை மறைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் போயிடுச்சு. 'எனக்குக் கை வலி. தெருக்கோடிக் கடையில கேளுங்க. துணியோட சேத்து எண்ணூறுதான் வாங்குவாங்க.' அந்தக் காசுக்குத் துணியில பாதிகூட வராது. வார்டையே வளைச்சுப் போடற நெனப்பு அவளுக்கு. நர்ஸம்மா அங்க போய் மேடம் கோட்டுன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா; அளவு இவளும் குடுக்கல, அவளும் கேக்கல.

கோட்டு ரெடின்னதும் மூணு பேரும் போனோம். கடையில ஆளுங்க இருந்தாங்க, அது இன்னும் நல்லதாப் போச்சு. ஓரகத்தி எங்களைப் பாத்து, "அக்கா, நீங்க எங்க இங்க?"ன்னு பல்லைக் காட்டினா.

"என் கோட்டை வாங்கத்தான்"னு தையக்காரி அதை எடுத்து மாட்டிக்கிட்டா. அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு சுருக்கம் இல்ல. நல்லாத்தான் தச்சிருந்தா திருட்டு முண்டை.

"என் அளவை உனக்கு யாருடி சொன்னா?"

"நர்ஸம்மா..."

"நர்ஸம்மா அளவை என் பக்கத்துக்கில்ல போட்டாங்க? உனக்கு எப்படி வந்துச்சு?"

மிஷின் மேல ஓரகத்தி போன் கெடந்துச்சு, தையக்காரியோட பக்கம் அதுல திறந்தபடி. தையக்காரி தன் போன்ல சாவியை மாத்தி, மத்த எல்லாப் போன்லேருந்தும் வெளியேத்துன்னு ஒரு தட்டுத் தட்டினா. எல்லாரும் பாக்க அந்தப் போன் இவ கடைப் படத்தை விழுங்கிட்டு, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுச்சு. துணி தைக்கக் குடுத்திருந்த ஒருத்தி, "என் துணியை அப்படியே குடுத்துடும்மா"ன்னு கை நீட்டினா. நான் சிரிச்சேன், சத்தமாவே.

புதுச் சாவி எனக்கே தெரியாது. அது போதாதுன்னு வேற எவ நுழைஞ்சாலும் இவ போனுக்கு ஒரு நம்பர் வர்ற மாதிரி செஞ்சு வெச்சிருக்கா. அது இல்லாம கதவு திறக்காது.

சாயங்காலம் புருஷன் வந்தான். இவ இன்னும் கோட்டைக் கழட்டல, கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தா.

"அசத்தலா இருக்கே! என்ன விலை?"

"கம்பளி, லைனிங், பட்டன், கூலி எல்லாம் சேத்து, உங்க தம்பி பொண்டாட்டி புண்ணியத்துல, எண்ணூறு."