பண்டோங் குடித்த தேனீக்கள்

தெங்கேராவில் எங்கள் வீட்டு வாசலையொட்டிய அஞ்சடி நடைபாதையில் நின்று பார்த்தால் மேலே ஒரு தேனீப் பெட்டி இருப்பது தெரியாது. அது பின்பக்கம், சமையலறைக்கு மேலே உள்ள சின்ன மொட்டைமாடியில் இருந்தது. நான் ஒரு கிளினிக்கில் கவுன்டரில் வேலை செய்கிறேன். என்னோடு அங்கே நர்ஸாக இருந்தவள் வேலையை விட்டு நியாலாஸ் கிராமத்தில் கொஞ்சம் ரப்பர் நிலம் வாங்கிக் குடியேறினாள். நாலைந்து தேனீப் பெட்டிகளும் வைத்திருந்தாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிகள் பக்கமே நான் சுற்றுவதைப் பார்த்து, ஒரு ஏப்ரல் மாதம் ஒரு பெட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைத் தாங்குவார், ஒரு தேனீயின் ரீங்காரத்தைத் தாங்கமாட்டார். பெட்டி வந்த நாளிலிருந்து மோட்டார் ஹெல்மெட் இல்லாமல் மாடிப்படி ஏறியதில்லை.

முதல் ஆறு மாதம் பெரிய தொல்லை இல்லை. அக்கம்பக்கத்துப் புளிச்சக்காய் மரம், தென்னம்பூ, வேலியில் படர்ந்த கொடிகள் என்று தேனீக்கள் எங்கெங்கோ போய்க் கொண்டுவந்தன. பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்தியிருந்ததால் எறும்பும் ஏறவில்லை. நான் தேர்ந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. தினமும் மத்தியானம் வானம் கறுக்கும், கொட்டும், சாயங்காலம் வரை தூறும். காலையில் வெயில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் தேனீக்கள் மும்முரமாகப் போய்வந்தன. அதைப் பார்த்து, பட்டினி இல்லை என்று முடிவு செய்து நான் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். பெட்டியைத் திறந்து ஓர் அடையைத் தூக்கினேன். தேன் இருக்க வேண்டிய அறைகளில் சிவப்பாக ஏதோ நிறைந்திருந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பு.

"மாதாவே!" என்றேன்.

படி உச்சியில் ஹெல்மெட்டோடு நின்ற கணவர், "கொட்டிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லங்க. பூச்சிக்கு என்னமோ நோவு."

இந்த வட்டாரத்தில் பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. படம் எடுத்துப் போட்டேன். ஒருவர் புழு அழுகல் நோய் என்றார். இன்னொருவர் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார். மூன்றாமவர், "பெட்டிய எரிச்சிருங்க, மத்தவங்க பெட்டிக்குப் பரவும்" என்று எழுதினார். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி அடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புழுக்கள் வெள்ளையாகப் பளபளவென்று இருந்தன. கெட்ட வாடை எதுவும் இல்லை. ராணியும் நடமாடிக்கொண்டிருந்தாள், முட்டைதான் குறைவு. நோய் என்றால் இப்படியா இருக்கும்?

கணவர் என்ன நினைத்தாரோ, கீழே சமையலறைக்குப் போய், மறுபடி ஏறி வந்து, ஒரு பல்குச்சியை நீட்டினார். "தொட்டுக் குடு." கொடுத்தேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"இது பண்டோங்மா."

நானும் தொட்டு நக்கினேன். சந்தேகமே இல்லை. பண்டோங் என்று பால் கலந்து குடிப்போமே, அந்த ரோஸ் சிரப், பால் மட்டும் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா மத்தியானத்தில் பண்டோங்கும் கரும்புச்சாறும் விற்பார். இருவரும் நடந்து போனோம். அக்கா துண்டை வீசி வீசி தேனீ விரட்டிக்கொண்டிருந்தார். சிரப் பாட்டில் வாயில், மேசை விளிம்பில், குவளைகளின் ஓரத்தில் எல்லாம் என் தேனீக்கள். வாங்க வந்த இரண்டு மாணவிகள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஒரு வாரமா இந்தக் கூத்துதான்லா," என்றார் அக்கா. "எவனோ பக்கத்துல தேனீ வளக்கிறானாம். கையில மட்டும் கெடைக்கட்டும்!"

கணவர் தான் வாங்கிய பண்டோங் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குக் கொண்டுபோக இன்னும் இரண்டு பண்டோங் பொங்கோஸ் கட்டி வாங்கிக்கொண்டு, எங்கள் தேனீ என்பதை மறைத்து வந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, தேவாலயத்துப் பூசையில் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த எவனோ நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தேனீயா?"

"ஆமாக்கா. மன்னிச்சிருங்க."

"அப்ப நீங்களே வந்து அதுங்கள வீட்டுக்குக் கூப்பிட்டுட்டுப் போங்க," என்று சொல்லி, தாங்க முடியாமல் அவரே சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நியாலாஸ் தோழிக்கு போன் போட்டேன். அவள் நர்ஸ் குரலிலேயே கேட்டாள்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து சீனித் தண்ணி வெச்சியா?"

"வெக்கல. நல்லாத்தானே பறக்குதுங்க?"

"பசியிலதான் பறக்குது! மழையில பூவெல்லாம் கொட்டிரும், தேன் கழுவிட்டுப் போயிரும். அதுங்க என்ன பண்ணும்? பாதி சீனி, பாதி தண்ணி. சாயங்காலம் பெட்டிக்கு உள்ள வை. வெளிய ஒரு சொட்டுகூட சிந்தாதே, அப்புறம் எறும்பும் வேற தேனீயும் சண்டைக்கு வரும். மூழ்காம இருக்க குச்சி போடு. காலியான பழைய அடைய வெட்டி எடுத்துரு."

சொன்னபடியே செய்தேன். காலி அடைகளை வெட்டும்போதுதான் அடியில் நூல் கட்டிக்கொண்டு நெளியும் புழுக்களைப் பார்த்தேன். மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள். கூட்டம் பலவீனமானால் இவை குடிவந்துவிடும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் தேனீக்கள் பெட்டியையே காலி செய்துவிட்டுப் பறந்திருக்கும்.

ஒரு வாரத்தில் ராணி நிறைய முட்டை இட்டிருந்தாள். ஆனால் கடைக்குப் பழகிய தேனீக்கள் வழியை மறக்கவில்லை. கூட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை பெட்டியை நியாலாஸுக்கே கொண்டுபோவதென்று முடிவு செய்தோம். அங்கேயும் மழைதான். ஆனால் சிரப் கடை கிடையாது.

"நானும் வரேன்," என்றார் அக்கா. "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

சனிக்கிழமை இருட்டியதும் எல்லாத் தேனீக்களும் உள்ளே வந்துவிட்டதைப் பார்த்து, பெட்டியின் வாசலை வலைத்துணியால் அடைத்தேன். ஞாயிறு விடிகாலையில் பெட்டியைக் காடியின் பின்சீட்டில் வைத்தோம். பக்கத்தில் அக்கா. முன்னால் நான். ஓட்டுநர் ஹெல்மெட்டோடு.

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு யாராவது காடி ஓட்டுவாங்களா?" என்று அக்கா கேட்டார். கணவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பள்ளிப் பேருந்து வேகத்தில் போனார். பின்னால் வந்த லோரிகள் ஹார்ன் அடித்தபடி முந்திப் போயின. பாதி வழியில் ஒரு தேனீ எப்படியோ வெளியே வந்து முன்கண்ணாடியில் உட்கார்ந்தது. ஓரமாக நிறுத்தி அவர் இறங்கிவிட்டார். எல்லா ஜன்னலையும் திறந்தும் அது போகவில்லை. பெட்டிக்குள் இரைச்சல் கூடியது. அக்கா பெட்டி மேல் கை வைத்து, "சும்மா இருங்கடி, வந்துரும்," என்றார். கடைசியில் அந்தத் தேனீயோடே நியாலாஸ் போய்ச் சேர்ந்தோம். என் கணவர் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியிருக்கும்.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையை எல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் துளிர் விட்டன. ரப்பரில் பூவைவிட அந்த இளந்துளிரின் காம்பில் ஊறும் தேன்தான் தேனீக்களுக்குப் பெரிய விருந்து. தோழி கூப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் போனோம். அடைகள் கனத்துத் தொங்கின. வெளிர் மஞ்சளில் தெளிவான தேன். எங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, தேனீக்களுக்கும் வேண்டியதை விட்டுவைத்தோம். அடையின் ஒரு துண்டை மெழுகோடு வாயில் போட்ட அக்காவின் கண்ணிமையில் ஒரு தேனீ கொட்டியது. மறுநாள் ஒரு கண் மூடிய முகத்தோடு கடை திறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அக்கா குடியிருக்கும் உம்பாயில், அவர் வீட்டுப் பின்புறம், தென்னை மரங்களுக்கு நடுவே, அவருக்கே ஒரு பெட்டி இருக்கிறது. கிளினிக் நேரம் பார்க்காமல் எனக்கு போன் வரும். போன வாரம், எதிரே நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, "தங்கச்சி, ராணிய காணோம்லா!" என்றார்.

"பதறாதீங்கக்கா. முட்டை இருக்கா?"

"முட்டை இருக்கு. ராணிதான் இல்ல."

"முட்டை இருந்தா அவளும் அங்கதான் இருப்பா. சீக்கிரம் பெட்டிய மூடுங்க."

பத்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு.

"கெடைச்சிட்டா! என் கையுறை மேலயே உக்காந்திருக்கா. இப்ப கைய ஆட்டாம இவள எப்படி உள்ள விடறது?"

வரிசையில் முதலில் நின்ற ஐயாவிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். ஐயாவும் மருந்துச் சீட்டை மறந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.