கடலுக்கு முதுகு காட்டிய கட்டில்

அய்யாவின் கயிற்றுக் கட்டில் எப்போதும் கடலைப் பார்த்தே கிடக்கும். படுத்தபடியே இன்றைக்கு என்ன காற்று, யார் வள்ளம் முதலில் கரை சேருகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கட்டிலை ஒருநாள் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அய்யாவின் நெஞ்சு நோயைப் பார்த்த ராமநாதபுரத்து டாக்டர், எங்கள் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மனசு பதறுனா உடம்புல ஒரு நீர் சுரக்கும்மா. காயம்பட்டா ரத்தம் சட்டுனு உறையட்டும்னு உடம்பு செய்யிற ஏற்பாடு அது. இவருக்கு நெஞ்சுக் குழாயே சுருங்கிக் கெடக்கு. அங்கன ரத்தம் கட்டி அடைச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கெட்ட சேதி எதுவும் காதுல விழக்கூடாது."

அந்த மாதமே மேற்கேயிருந்து பாழாய்ப்போன கச்சான் காற்று அடித்தது. கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. தொண்டிக்குக் கருவாடு விற்கப் போயிருக்கிறான் என்று அய்யாவிடம் சொன்னோம். எங்கள் ஊரில் ஒரு வள்ளம் வராவிட்டால், தேடப் போகிறவர்கள் தவிர வேறு யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். பெண்கள் கரையில் நின்று பெயர் சொல்லி அழுவார்கள். அழுகையை அம்மா கெஞ்சி நிறுத்திவிட்டாள். கரையேறிக் கிடந்த வள்ளங்களை எங்கே ஒளிப்பது? அதற்குத்தான் கட்டிலைத் திருப்பினோம். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று காரணம் சொன்னோம்.

அய்யாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. உள்ளங்கை சில்லிட்டு வேர்த்தது. "காத்து அடங்கிருச்சு. மீன் ஏலம் கூவுற சத்தத்தக் காணோம். எந்த வீட்டுப் பயலக் காணோம்த்தா?" என்று என்னைக் கேட்டார். "சும்மா படுங்க" என்றாள் அம்மா. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்ப் பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஐயோ, பெற்றவர் எப்படிச் சொல்வார்? அன்று பொழுது சாய்வதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒரு சேதியும் சொல்லாமலே அவரைக் கொன்றுவிட்டோம்.

கல்லறையிலிருந்து வீடு திரும்பினோம். வாசலில் அண்ணன் நின்றான். இலங்கைக் கரையில் ஒதுங்கி, வேறொரு வள்ளத்தில் ஏறி வந்திருந்தான். "அய்யா கட்டில் ஏன் இப்படிக் கெடக்கு?" என்றுதான் முதலில் கேட்டான். அம்மா மண்ணில் விழுந்து புரண்டாள்.

இப்போது எனக்கும் அதே நெஞ்சு நோய். என் கட்டிலும் கடலைப் பார்த்துத்தான் கிடக்கிறது. இன்று காலை மகள் வந்து, "வெயில் கண்ணுல அடிக்குதும்மா" என்று கட்டிலைத் திருப்பப் போனாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு வள்ளம்டி வரல?"