பேச்சியம்மாள் சொல்ல வேண்டியதை நான் சொன்ன நாள்

1. தூக்க முடியாத கை

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சைக்காலஜிஸ்டாக இருந்தேன். காலையில் ஓ.பி., வாரம் இரண்டு மதியம் எம்.ஏ. மாணவர்களுக்கு வகுப்பு, மிச்ச நேரத்தில் பி.எச்டி. உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாமல் கை, கால், குரல் முடங்கிப்போனவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. அப்படி ஒரு நோயாளி வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பேச்சியம்மாளை நரம்பியல் பிரிவிலிருந்து அனுப்பினார்கள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பேரையூர்ப் பக்கம் பருத்தி போடுகிற குடும்பம். முப்பது வயது இருக்கும். வலது கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. ரிஃப்ளெக்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. ஐந்து மாதம் முன்பு மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. கணவர் தங்கராசு அவளுடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்காருவார்.

ஐந்து செஷன் மழையையும் பருத்தியையும் பற்றித்தான் பேசினாள். ஆறாவது செஷனில் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இங்க சொல்றது வெளிய போகுமா?"

"போகாது."

"அவருக்கும்?"

"நீங்களாச் சொன்னாத்தான்."

"பிள்ளை இருமிக்கிட்டே கெடந்துச்சு. இருமல் மருந்துன்னு நெனச்சு இந்தக் கையாலதான் ஊத்துனேன். மிச்சம் இருந்த பூச்சி மருந்த அதே மாதிரி பாட்டில்ல ஊத்தி வச்சதும் நாந்தான். வாடை அடிச்சப்பதான் தெரிஞ்சுது. தூக்கிக்கிட்டு ஓடுனேன், வழியிலயே போயிட்டா. அவரு காட்டுலருந்து வந்தாரு. காய்ச்சல்னு சொல்லிப்புட்டேன்."

அடுத்த வாரம் விரல்கள் அசைந்தன. ஒன்பதாவது வாரம் தண்ணீர் டம்ளரைத் தூக்கினாள். "இன்னும் ரெண்டு வாரத்துல அவருகிட்ட நானே சொல்லிருவேன். நீங்க கூட இருப்பீகளா?" என்றாள். இருப்பேன் என்றேன்.

2. வகுப்பு

அந்த முன்னேற்றத்தை மாணவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். கேட்டதும், "படிக்கிற பிள்ளைகதானே, கையத் தூக்கிக் காட்டுறேன்" என்று சம்மதித்தாள். கையைக் காட்டத்தான் சம்மதித்தாள்.

இருபது பேர் முன்னால் அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் முடங்கியது, எப்படித் திரும்பியது என்று ஆங்கிலத்தில் விளக்கினேன், குழந்தை எப்படி இறந்தது என்பது உட்பட. அவளுக்குப் புரியாதே என்ற தைரியம். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து தமிழில் கேட்டாள். "மேடம், இவங்கதான் குழந்தைக்குப் பூச்சி மருந்தக் குடுத்தாங்கன்னு வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

மனைவியைக் கூட்டிப்போக வந்த தங்கராசு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாளின் கை அப்படியே கீழே விழுந்தது. அவர் சத்தம் போடவில்லை. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, பாடத்தை முடித்தேன்.

3. பேரையூர்

இரண்டு வாரம் அவர்கள் வரவில்லை. கேஸ் ஷீட்டில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தங்கராசு மட்டும் வீட்டில் இருந்தார், வாசலில் பருத்தியைப் பரப்பிக்கொண்டு.

"தண்ணி குடிங்கம்மா. வெயில்ல வந்திருக்கீக."

"பேச்சியம்மாள்?"

"அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. நான் போகச் சொல்லல. என் மொகத்தப் பாக்க முடியலன்னு போயிட்டா."

"கை?"

"பழையபடிதான். சோறு ஊட்டி விடணும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பருத்தியைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"அவளா சொல்லியிருந்தா ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதிருப்போம்மா. எம் பிள்ளை எப்பிடிச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியிறதுக்கு முந்தி இருபது பேருக்குத் தெரிஞ்சுபோச்சே. அதத்தான் தாங்க முடியல."

அவளுடைய தாய் ஊர் எது என்று கேட்டேன்.

"வேணாம்மா. விட்டுருங்க."

விட்டுவிட்டேன். அவளை மறுபடி பார்க்கவேயில்லை. தீசிஸிலிருந்து அவளைப் பற்றிய பக்கங்களை எடுத்தபோது என் கைடு, "இருக்கிறதுலயே நல்ல கேஸ், ஏம்மா எடுக்கிறே?" என்றார். சம்மதம் வாங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். முழு உண்மையைச் சொல்லும் துணிவு அப்போது இல்லை.

அதற்குப் பிறகு எந்த நோயாளியையும் நான் வகுப்பில் நிறுத்தியதில்லை. அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிகிச்சை பலித்த சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும்போல இருக்கும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் போகவில்லை.